நீ கேட்காத ஜன்னல்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே நன்றாக இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் மட்டும் படி ஏறும்போது முணுமுணுக்கிறது, அவளும் கூடவே முணுமுணுக்கிறாள், மற்றபடி குறை ஒன்றுமில்லை. நீயும் உடம்பு நோவு இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, ஆறு மணி நேரமாவது தூங்கி, நடுக்கடலில் நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவரின் நினைப்பும். இதுவரை உனக்கு வந்த கடிதங்களையெல்லாம் நான் சொல்லச் சொல்ல மாடிவீட்டுத் தையல்காரர் எழுதினார், நான் பத்து வரி சொன்னால் அவர் நாலு வரி எழுதிவிட்டு ஊசியை எடுக்கப் போய்விடுவார். இது அப்படி இல்லை, ஒவ்வோர் எழுத்தும் என் கை போட்டது. நாலு நாளாக எழுதுகிறேன். காலையில் சமையலறை மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தால், பதினொரு மணிக்கு உன் அம்மா காய் நறுக்க மேசையைக் கேட்கும்வரை எழுதலாம். விரல் வலிக்கிறது, அந்த வலியும் நன்றாகத்தான் இருக்கிறது. நேற்று எழுதியதை இன்று எடுத்துப் படித்தால், நேற்று நான் நினைத்தது கலையாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. உங்களுக்கெல்லாம் இது பழகிப்போன சமாச்சாரம், எனக்கு அறுபத்தெட்டு வயதில் இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் அதிகமாகவே குதித்துவிட்டேன். குதித்த குதியில் உன் காலை மிதித்துவிட்டேன் கண்ணு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மூன்று வாரத்துக்கு முன்னால் நீ ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து பேசினாய் அல்லவா, அப்போது நான் அம்மாவுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். வழக்கமாக நீ அம்மாவிடம் பேசி முடித்ததும் அப்பாகிட்ட குடும்மா என்பாய், நானும் கையைத் துடைத்துக்கொண்டு தயாராக இருந்தேன். அம்மா சட்டென்று போனை வைத்துவிட்டாள். என்ன சொன்னா என்று கேட்டேன், நல்லா இருக்காளாம் என்றாள். எங்கிட்ட பேசலையா என்றேன், அப்புறம் பேசுறாளாம் என்று சொல்லிவிட்டு அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள். அடுப்பு சுத்தமாகத்தான் இருந்தது. ஐந்து நாள் கழித்துத்தான், அதுவும் நான் உன் புகைப்படத்தை எதிர்வீட்டுக்காரருக்குக் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டிருந்தபோது, பொறுக்க முடியாமல் என்னை உள்ளே கூப்பிட்டாள். எழுதத் தெரிஞ்சதும் மொதல் வேலையா பொண்ணு பொழப்பிலயே கைய வெச்சுட்டீங்களே என்றாள்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், நீ ஒரு பக்கம்தான் கேட்டிருப்பாய். நூலகத்தில் எழுதப் படிக்கச் சொல்லித்தரும் மாலை வகுப்பில் நாங்கள் பதினொரு பேர். ஒருநாள் வகுப்பு முடியும் தறுவாயில் டீச்சரம்மா எல்லோருக்கும் ஒரு வேலை கொடுத்தார், ஏதாவது ஓர் அலுவலகத்துக்கு, நிஜமான ஒரு குறையைச் சொல்லி, நிஜமாகவே ஒரு கடிதம் எழுதித் தபாலில் போட வேண்டும் என்று. சும்மா பழகுறதுக்குன்னு எழுதினா கை வராதுங்க, கோவமோ கவலையோ இருந்தாத்தான் வரும் என்றார். என் பக்கத்தில் உட்காரும் காய்காரம்மா தெருமுனை விளக்கு எரியவில்லை என்று எழுதினார். ஒருவர் சாக்கடை அடைப்பு, ஒருவர் பேருந்து நிற்பதில்லை என்று. எனக்கு என்ன குறை என்று யோசித்துப் பார்த்தேன். ஓய்வு பெற்றவன், வேளைக்குச் சாப்பாடு, வீட்டில் சண்டை போட ஆள் இருக்கிறது, குறை எங்கே தேடுவது? அப்போது உன் ஞாபகம் வந்தது. நீ முதல் தடவை கப்பலுக்குப் போய் எழுதிய கடிதத்தில், நான் வேலை செய்யும் சலவைக்கூடம் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது, படுக்கிற அறையும் அப்படித்தான், எங்கேயும் ஜன்னல் கிடையாது என்று எழுதியிருந்தாய். தையல்காரர் அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மேலே மூவாயிரம் பேர் கடலைப் பார்த்துக்கொண்டு காபி குடிக்கிறார்கள், என் பெண் அடியில் அவர்கள் படுத்தெழுந்த விரிப்புகளைத் துவைத்துக்கொண்டு, இரவா பகலா என்றே தெரியாமல் நிற்கிறாள் என்று இரண்டு வருடமாக மனதுக்குள் ஒரு முள். அந்த முள்ளைத்தான் காகிதத்தில் குத்தினேன். கப்பலுக்கு ஆள் எடுக்கும் அலுவலகத்துக்கு எழுதினேன், ஐயா, என் மகள் நல்ல உழைப்பாளி, எந்தக் குறையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள், அவளுக்கு வெளிச்சம் உள்ள இடத்தில் வேலை கொடுங்கள், ஒரு ஜன்னலாவது கொடுங்கள் என்று. அதை எழுத எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. தபால்பெட்டியில் போட்டுவிட்டு, விழுந்ததா என்று பெட்டியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வந்தேன்.

பதினொரு கடிதத்தில் இரண்டுக்குத்தான் பலன் கிடைத்தது, ஒன்று தெருவிளக்கு, இன்னொன்று நான் எழுதியது. ஆறு வாரத்தில் அச்சடித்த பதில் வந்தது, கூடவே உன் படம். மேல்தளத்தில், நீச்சல்குளத்துக்குப் பக்கத்தில், வெள்ளைச் சட்டை போட்டு, துண்டு அடுக்கிய மேசைக்குப் பின்னால் நீ நிற்கிறாய், உனக்குப் பின்னால் வானமும் கடலும். தங்கள் வேண்டுகோளை ஏற்று தங்கள் மகளைத் திறந்தவெளிப் பணிக்கு மாற்றியுள்ளோம் என்று எழுதியிருந்தது. அதை நானே படித்தேன் கண்ணு, யாரையும் கேட்கவில்லை, ஒரே மூச்சில் படித்தேன். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அறுபத்தெட்டு வருடம் எழுதத் தெரியாமல் இருந்தவன் எழுதிய முதல் கடிதம் ஒரு கப்பலுக்குள் போய் என் பெண்ணைக் கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு வந்துவிட்டது என்று வகுப்பு முழுக்கச் சொன்னேன். எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். டீச்சரம்மா கை தட்டினார். காய்காரம்மா மட்டும், ஏங்க, நான் தெருவிளக்கு கேட்டேன், தெரு ஒண்ணும் சொல்லாது, நீங்க பொண்ணைக் கேட்டுட்டா எழுதினீங்க என்றார். அந்தச் சந்தோஷத்தில் அது என் காதில் ஏறவில்லை.

உன் அம்மா சொன்ன பிறகுதான் எல்லாம் ஏறியது. என் கடிதத்தை உங்கள் சலவைக்கூடத்தை நடத்தும் பெரியவர் சாப்பாட்டு அறையில் எல்லோர் முன்னாலும் மொழிபெயர்த்துப் படித்தாராம், அன்றிலிருந்து கூட வேலை செய்கிறவர்கள் உன்னை அவரவர் மொழியில் ஜன்னல் என்று கூப்பிடுகிறார்களாம். அதுகூடப் பரவாயில்லை, கேலி நாலு நாளில் ஓய்ந்துவிடும் என்று நீ சொன்னாயாம். ஆனால் துணிக்கிடங்குப் பொறுப்பாளரம்மா இந்தப் பயணத்தோடு வேலையை விட்டுப் போகிறார், அந்த இடத்துக்கு உன் பெயரைத்தான் அவர் சொல்லி வைத்திருந்தார், நீ மேல்தளத்துக்குப் போய்விட்டதால் இப்போது உன் பெயர் பட்டியலில் இல்லை, மாதக் கடைசியில் கப்பல் புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பி வரும்போது பட்டியல் முடிவாகிவிடும் என்பதை நீ அழாமல் சொன்னாயாம். அழாம சொன்னா, அழுதிருந்தாத் தேவலை என்றாள் உன் அம்மா. நீ சொன்ன இன்னொன்றையும் சொன்னாள். மேல நின்னா கடல் மட்டும்தான்மா தெரியுது, கீழ இருந்தப்ப ஊரே தெரிஞ்சுது என்றாயாம்.

அது எனக்குப் புரியவில்லை. ஜன்னலே இல்லாத இடத்தில் ஊர் எப்படித் தெரியும்? அன்று மத்தியானம் பரணிலிருந்து உன் கடிதப் பெட்டியை இறக்கினேன். இரண்டு வருடத்தில் நீ எழுதியது பதினேழு கடிதம். எல்லாவற்றையும் தையல்காரர் படிக்க நான் கேட்டவன்தான். ஆனால் அவர் தைத்துக்கொண்டே படிப்பார், முக்கியமானதைப் படித்துவிட்டு மத்ததெல்லாம் வேலையப் பத்திங்க என்று மடித்துக் கொடுத்துவிடுவார், அவர் மேல் குற்றம் இல்லை, அவருக்கு வேலை இருக்கிறது. இந்த முறை நானே ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தேன். அந்த மத்ததெல்லாம் எவ்வளவு எழுதியிருக்கிறாய் கண்ணு! துண்டை உதறும்போது மாவு மாதிரி வெள்ளை மணல் கொட்டினால் எந்தத் தீவு, கறுப்பாக, கல்லாக உதிர்ந்தால் எந்தக் கரை என்று எழுதியிருக்கிறாய். கொடுத்த மடிப்பு கலையாமல் துண்டுகள் திரும்பி வந்தால் கரையில் மழை, யாரும் இறங்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். கைத்துணிகளில் உதட்டுச்சாயம் இருந்தால் மேலே விருந்து, தலையணை உறைகள் இரண்டு பக்கமும் கசங்கியிருந்தால் அலை பெரிதாக அடித்து யாரும் சரியாகத் தூங்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பெரிய இஸ்திரி உருளையில் விரிப்பை ஒரு பக்கம் நீ விட, மறுபக்கம் வேற்று நாட்டுக்காரி ஒருத்தி வாங்குகிறாள், இருவருக்கும் பொது மொழி கிடையாது, இரும்பில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து, இரண்டு தட்டினால் விடு, மூன்று தட்டினால் உன் முகத்தில் என்னவோ ஒட்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில் நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன், அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். விரிப்பு உருளையை விட்டு வரும்போது ஒரு சுருக்கம்கூட இல்லாமல் சூடாக வருவதைக் கையில் வாங்கும்போது எனக்குப் பசி மறந்துவிடும் அப்பா என்று ஒரு கடிதத்தில் இருக்கிறது. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுதிய மாதிரி அப்பா என்று போட்டிருக்கிறாய், அது எனக்குப் படிக்கப்படவே இல்லை. ஜன்னல் இல்லை என்பது மொத்தம் ஒரே ஒரு வரி, அதுவும் முதல் கடிதத்தில். மீதிப் பதினாறு கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. நான் அந்த ஒரு வரியைக் கட்டிக்கொண்டு இரண்டு வருடம் அழுதிருக்கிறேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் முப்பத்து நாலு வருடம் ஆஸ்பத்திரி லிஃப்டில் நின்றவன் என்று உனக்குத் தெரியும், ஆனால் உனக்குச் சொல்லாத ஒரு கதை இருக்கிறது. அது கைப்பிடி வைத்த பழைய லிஃப்ட், பித்தான் கிடையாது, கைப்பிடியை எப்போது விடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு விரற்கடை மேலே நின்றாலும் கீழே நின்றாலும் ஸ்ட்ரெச்சர் சக்கரம் அந்த இடுக்கில் தடக்கென்று இடிக்கும், வயிற்றில் தையல் போட்டவர்கள் கத்திவிடுவார்கள். நான் நிறுத்தினால் தரையும் லிஃப்டும் ஒன்றாக இருக்கும், கண்ணாடி மாதிரி. ஸ்ட்ரெச்சர் தள்ளும் பெண்கள் நான் வேலைக்கு வந்துவிட்டேனா என்று பார்த்துவிட்டுத்தான் நோயாளியைக் கிளப்புவார்கள். நீ பிறந்த வருடம் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்தார், ரொம்ப நல்ல மனசு. தினமும் என்னைப் பார்த்து, பாவம், நாள் முழுக்க இந்தப் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறாரே என்று உருகுவார். ஒருநாள் நிர்வாகியிடம் பேசி என்னை வாசல் காவலுக்கு மாற்றிவிட்டார், காற்றும் வெயிலும் மரமும் உள்ள இடம். தினமும் காரிலிருந்து இறங்கும்போது, இப்ப சந்தோஷமா என்று கேட்பார், சந்தோஷம்மா என்பேன். நாலு மாதம் அப்படிச் சொன்னேன். வாசலில் நின்றுகொண்டு உள்ளே லிஃப்ட் நிற்கும் சத்தத்தைக் கேட்பேன், தடக், தடக் என்று. ஒவ்வொரு தடக்குக்கும் எனக்குள்ளே ஏதோ இடிக்கும். கடைசியில் ஸ்ட்ரெச்சர் தள்ளும் அம்மா ஒருத்தி பொறுக்க மாட்டாமல் டாக்டரம்மாவிடமே போய், அவரக் கொண்டுபோய் மரத்தடியில நிறுத்திட்டீங்க, இங்க எங்க நோயாளிங்க கத்துறது உங்களுக்குக் கேக்கலையா என்று போட்டுடைத்துவிட்டாள். டாக்டரம்மா என்னிடம் வந்து, ஏங்க எங்கிட்ட சொல்லல என்று கேட்டார். நீங்க ஆசையா செஞ்சீங்க, அதான் வாய் வரலம்மா என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது, மறுநாளே என்னை லிஃப்டுக்குத் திருப்பி அனுப்பினார். இவ்வளவும் பட்டவன்தான் உன்னை மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன்.

அந்த அலுவலகம் அனுப்பிய படத்தைச் சுவரில் மாட்டியிருந்தேன், இப்போது கழற்றிவிட்டேன். நேற்று அதை நன்றாக உற்றுப் பார்த்தேன். அதில் உன் பல் எல்லாம் தெரிகிறது. நீ நிஜமாகச் சிரித்தால் உன் பல் தெரியாது, உதட்டை இறுக்கிக்கொண்டு மூக்கால் சிரிப்பாய், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அது உன் சிரிப்பே இல்லை. தெரு முழுக்க அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தேனே, எனக்கு எங்கே போயிற்று கண்?

வீட்டுச் சமாச்சாரம் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடிதம் முழுக்க என் அழுகையாகவே இருக்கும், உன் அம்மா திட்டுவாள். குளியலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது, குழாய்க்காரர் மூன்று தடவை வந்தார், மூன்றாவது தடவை அம்மா அவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள், உடனே சரியாகிவிட்டது. தையல்காரருக்கு இனிமேல் உன் கடிதம் வராது என்பதில் சின்ன வருத்தம், கப்பல் எங்க போச்சுன்னாவது சொல்லிட்டுப் போங்க என்கிறார், அதனால் அவர் தைக்க, நான் உரக்கப் படிக்கிறேன், மத்ததெல்லாம் உள்பட. அந்தக் கறுப்பு மணல் வந்தபோது ஊசியை அப்படியே நிறுத்திவிட்டார். உன் கட்டிலில் என் நோட்டுப் புத்தகங்கள் படுத்திருக்கின்றன, நீ வந்தால் எழுந்துகொள்ளும். தெருவிளக்கு நன்றாக எரிகிறது, காய்காரம்மா அதற்குக் கீழே நின்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் இது நான் எழுதி வாங்கியது என்று சொல்கிறார். நான் மறுபக்கத்து ஓரமாகக் கடந்துபோகிறேன்.

இப்போது முக்கியமான விஷயம். உன் அம்மா சொன்னதைக் கேட்ட மறுநாளே அந்த அலுவலகத்துக்கு இன்னொரு கடிதம் எழுதிவிட்டேன். முன்பு நான் கேட்டது நான் கேட்டதுதான், என் மகள் கேட்டதல்ல, அவள் எந்தக் குறையும் சொல்லவில்லை, அவளுடைய வேலையை அறியாமல் ஒரு தகப்பன் மூக்கை நுழைத்துவிட்டான், அதற்காக அவளுக்கு வரவேண்டிய பொறுப்பைத் தட்டிவிட வேண்டாம், அவளைத் தயவுசெய்து சலவைக்கூடத்துக்கே அனுப்புங்கள் என்று எழுதி, உறை ஒட்டி, தபால்பெட்டிவரை போய்விட்டேன். பெட்டியின் வாயில் கையை விட்ட பிறகுதான் காய்காரம்மா கேட்டது காதில் ஏறியது. இதையும் நான் உன்னைக் கேட்கவில்லையே. உன் அம்மா சொன்னதை வைத்து எழுதுகிறேன், அம்மா நீ சொன்னதை வைத்துச் சொல்கிறாள், ஒருவேளை இதற்குள் உனக்கு வெயிலும் கடலும் பிடித்துப்போயிருந்தால்? கையை வெளியே எடுத்துவிட்டேன். எனக்குப் பின்னால் நின்றிருந்த ஆள், போடப்போறீங்களா இல்லையா பெரியவரே என்றார். இல்ல தம்பி, இது என்னுது இல்ல என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அதைத் திரும்ப எழுதி இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். ஒட்டவில்லை, மடித்துத்தான் வைத்திருக்கிறேன். டீச்சரம்மா திருத்தித் தருகிறேன் என்றார், வேண்டாம், திருத்த வேண்டியவள் கப்பலில் இருக்கிறாள் என்றேன். சலவைக்கூடத்துக்கே அனுப்புங்கள் என்று இருந்த வரியை எடுத்துவிட்டு, என் மகள் வேலை செய்ய விரும்பும் இடம் என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். அதில் நீ எழுது. கீழே என்றால் கீழே, மேலே என்றால் மேலே, வீட்டுக்கு என்றாலும் சரி, கட்டில் காலி செய்ய எனக்கு அரைமணி நேரம் போதும். எழுதி உங்கள் சலவைக்கூடத்துப் பெரியவரிடம் கொடு, பட்டியல் முடிவாவதற்குள் கொடு. தகப்பன் கடிதம் என்று சாப்பாட்டு அறையில் படிப்பார்கள் என்று கூச்சமாக இருந்தால் கொடுக்காதே, கிழித்துப் போட்டுவிட்டு நீயே வாயால் சொல். உனக்கு வாய் வராது என்று எனக்குத் தெரியும், அது என்னிடமிருந்து வந்ததுதான். ஆனால் நான் நாலு மாதம் சந்தோஷம்மா என்று சொல்லிக்கொண்டிருந்த மாதிரி நீ சொல்லாதே.

நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும், கைகால் சுகத்தோடு நீண்ட நாள் நன்றாக இரு என்று அப்பாவும் அம்மாவும் வாழ்த்துகிறோம். உருளைக்குப் பக்கத்தில் நிற்பதானால் தண்ணீர் அடிக்கடி குடி, வெயிலில் நிற்பதானால் தலைக்குத் தொப்பி போடு, எதுவானாலும் அந்த மெத்தென்ற செருப்பையே போடு, முழங்கால் விஷயத்தில் நீ உன் அம்மா ஜாதி. உங்கள் கப்பலுக்கு வரும் தபால் துறைமுக அலுவலகத்தில் நாலு நாள் கிடக்கும் என்று சொன்னாய், அதனால் இதை இன்றே போடுகிறேன். அடுத்த தடவை பேசும்போது அப்பாகிட்ட குடும்மா என்று சொல். திட்டுவதற்காக இருந்தாலும் சொல். திட்டி முடித்த பிறகு, இந்த வாரம் துண்டில் என்ன மணல் வந்தது என்றும் சொல்.

இப்படிக்கு,
நீ முதல் தடவை கப்பலுக்குப் போகும்போது உன் வேலை ஒப்பந்தத் தாளில் கட்டைவிரல் மை வைத்து, இதில் கையெழுத்தே போட்டிருக்கும்
உன் அப்பா